சூசையும் வளனும்

சென்ற தவக்காலம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை மாலையில், விசைத்தறி ஓசை ஓயாத வீதி ஒன்றிலிருந்து மூவர் நம் பங்கு இல்லத்திற்கு வந்தனர். கையில் நாற்பது நாள் குழந்தையுடன் இளந்தாய், தறிக்கூடத்திலிருந்து நேரே வந்ததால் தலையில் பஞ்சுத் துகள் படிந்திருந்த தந்தை, அவருடைய தந்தையார். குழந்தைக்குத் திருமுழுக்குத் தர நாள் குறிக்க வேண்டும் என்றார்கள். சோமனூர்ப் பகுதியில் பங்குப்பணி ஆற்றும் நமக்கு இது வாடிக்கையான வேலைதான். படிவத்தை எடுத்து, பிறந்த நாள், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் என எழுதிக்கொண்டே வந்தோம். 'குழந்தையின் பெயர்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

தந்தையார் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். பாரி, கபிலன், குமணன், பேகன் என்று நான்கு பெயர்கள் இருந்தன. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தறிக்கு வந்தவர் அவர். தமிழாசிரியர் ஒருவர் மனத்தில் விதைத்த ஆசை பதினைந்து ஆண்டுகளாக வாடாமல் இருந்திருக்கிறது. பெரியவர் தாளைப் பார்க்கவில்லை. நம்மையே பார்த்தார்.

"இதெல்லாம் வேதக்காரப் பேருங்களா சாமி? எங்கப்பாரு பேரு எனக்கு வந்துச்சு. எம்பேரு என் பேரனுக்கு வரோணுமில்லீங்களா?"

பெரியவர் சூசையப்பரின் திருப்பெயரைத் தாங்கியவர். அந்தப் பெயரை வைத்தால் பள்ளியில் பிள்ளையைக் கேலி செய்வார்கள் என்று இளையவர் அஞ்சினார். தாயோ இருவருக்கும் நடுவில் பேசாதிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் வாருங்கள், பேசுவோம் என்று அனுப்பி வைத்தோம்.

உடனே விடை சொல்லாமல் அனுப்பியதற்குக் காரணம் உண்டு. நாம் குருப்பட்டம் பெற்ற மறு ஆண்டு, வேறொரு பங்கில், இதே போன்றொரு குடும்பம் 'அறவாழி' என்ற பெயரோடு வந்தது. இளங்குருவுக்குரிய வேகம் அப்போது நம்மிடம் இருந்தது. புனிதர் பட்டியலில் இல்லாத பெயருக்குத் திருமுழுக்கு இல்லை என்று சொல்லி, அன்றைய நாள்காட்டியைப் புரட்டி, கண்ணில் பட்ட ஆல்பர்ட் என்ற பெயரைப் பதிவேட்டில் எழுதினோம். அவர்கள் எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. சாமி சொன்னால் சரி என்று போய்விட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளை, திருமணத்திற்காகத் திருமுழுக்குச் சான்றிதழ் பெற்று நம்மைத் தேடி வந்தார். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், கோவில் சான்றிதழில் வேறு பெயர். இரண்டும் ஒருவரே என்று எழுதித் தர வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, கோபமின்றி, "நீங்க வெச்ச பேர்ல இந்த நாள் வரைக்கும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லீங்க சாமி" என்றார். வள்ளுவர் தம் முதல் அதிகாரத்தில் இறைவனையே அறவாழி என்று சுட்டுகிறார் என்பது, அந்தப் பெயரை மறுத்த நாளில் நம் நினைவில் இல்லை. ஆகவே இம்முறை, பெயர்களின் வரலாற்றை ஒரு வாரம் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றிற்று. படித்தவற்றுள் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் பெரியவரின் வழக்கை எடுத்துக்கொள்வோம். அது வலுவான வழக்கு. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். தமிழன் தன் மகனின் மகனுக்கு வைத்த உறவுமுறைப் பெயரிலேயே இந்த வழக்கம் உறைந்து கிடக்கிறது. நமக்கு அருகே ஓடும் நொய்யலின் கரையில், சென்னிமலைக்கு அப்பால், கொடுமணல் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் இருப்பவை மனிதப் பெயர்களே. ஆதன், சாத்தன், கண்ணன் என்று தம் பெயரைத் தம் கலத்தில் கீறி வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் ஆற்றங்கரையில் கல்மணி கோத்தும் இரும்பு உருக்கியும் வாழ்ந்த மக்கள் விட்டுச் சென்ற எழுத்துகளில் அவர்களின் பெயரே மிஞ்சி நிற்கிறது. பெயர் காக்கப்பட வேண்டும் என்ற பெரியவரின் கவலை, நொய்யல் கரைக்குப் புதியதன்று.

திருச்சபையின் பக்கம் திரும்பினால், அங்கே நாம் எதிர்பாராத செய்தி காத்திருக்கிறது. தொடக்கக் கிறிஸ்தவர்கள் தங்கள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. திருத்தூதர் பணியில் வரும் அப்பொல்லோவின் பெயரில் கிரேக்கரின் அப்பொல்லோ தெய்வம் இருக்கிறது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதியில் பவுல் வாழ்த்துக் கூறும் நீண்ட வரிசையில் எர்மசு என்றொருவர் வருகிறார். அது கிரேக்கத் தூதுத் தெய்வத்தின் பெயரேதான். அதே வரிசையின் தலைப்பில் வரும் பெபேயாளின் பெயரும் அத்தகையதே. பவுல் இவர்களுள் எவரையும் பெயர் மாற்றிக்கொள்ளச் சொன்னதாக இல்லை. பின்னாளில் இதே புறச்சமயப் பெயர்களைத் தாங்கியவர்கள் புனிதர்களானார்கள். தெமேத்திரியு என்பது தெமேத்தர் என்ற பயிர்த் தெய்வத்தின் பெயர். இசிதோர் என்றால் எகிப்தின் ஈசிசு தெய்வத்தின் கொடை. மார்ட்டின் என்பது உரோமைப் போர்க் கடவுள் மார்சின் பெயர். இன்று நாம் 'வேதக்காரப் பெயர்' என்று ஐயமின்றி ஏற்கும் பெயர்களில் பல, ஒரு காலத்தில் அக்கம்பக்கத்துக் கோவில் தெய்வங்களின் பெயர்களே. பெயர் மனிதனைப் புனிதனாக்கவில்லை. அந்த மனிதர் வாழ்ந்த வாழ்வு பெயரைப் புனிதமாக்கிற்று.

மூன்றாம் நூற்றாண்டில் ஒரு மாற்றம் தெரிகிறது. அலெக்சாந்திரிய ஆயர் தியோனீசியு, நம்பிக்கையாளர் தம் பிள்ளைகளுக்குப் பவுல் என்றும் பேதுரு என்றும் பெயரிடுவது பெருகியிருப்பதைக் குறிப்பிடுகிறார். வரலாற்றாசிரியர் எவுசேபியு இதைப் பதிந்து வைத்திருக்கிறார். இதை எழுதியவரின் பெயரோ மதுத்தெய்வமான தியோனீசின் பெயர். புனிதர் பெயரிடும் வழக்கத்திற்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்றை, புறச்சமயப் பெயர் தாங்கிய ஆயர் ஒருவர் தருகிறார் என்பது சிந்திக்கத்தக்கது.

அடுத்த நூற்றாண்டில், பொன்வாய் அருளப்பர் என்று நம் முன்னோர் அழைத்த கிறிசோஸ்தோம், பாட்டன் முப்பாட்டன் பெயரை வைக்க விரையாதீர்கள், நேர்மையாளர்களின் பெயரை வையுங்கள் என்று பெற்றோரை வற்புறுத்துகிறார். நம் பெரியவர் கேட்டால் வருந்துவார்! கிறிசோஸ்தோம் கண்டித்த வேறொரு பழக்கமும் உண்டு. அந்நாளில் மக்கள் சில விளக்குகளை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரிட்டு, எந்த விளக்கு நெடுநேரம் எரிகிறதோ அந்தப் பெயரைக் குழந்தைக்கு வைத்தார்களாம். ஆயுள் நீளும் என்ற நம்பிக்கை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தைப் பற்றிய மறையுரையில் இதைச் சாடுகிறார். இன்று நம் பங்கிலேயே எண்கணிதக்காரரிடம் கூட்டுத்தொகை பார்த்து, ஒரு எழுத்தைக் கூட்டி, ஓர் எழுத்தைக் குறைத்து, எந்த மொழியிலும் பொருளில்லாத ஓசை ஒன்றை எழுதி வருகிறவர்களைக் காணும்போது, அந்த விளக்குகள் இன்னும் அணையவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

புனிதர் பெயர் என்பது சட்டமாக இறுகியது பிற்காலத்தில்தான். திரிதெந்தின் பொதுச்சங்கத்தை அடுத்து 1566-இல் வெளிவந்த உரோமை மறைக்கல்வி ஏடு, திருமுழுக்குப் பெறுபவருக்குப் புனிதர் ஒருவரின் பெயரை இடுமாறு பணித்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், பெற்றோர் வேறு பெயர் வைப்பதில் உறுதியாக நின்றால் பங்குக் குரு ஒரு புனிதர் பெயரைச் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. கிறிஸ்தவ உணர்வுக்கு அயலான பெயர் இடப்படாதவாறு பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குக் குருவும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் 855-ஆம் விதி. புனிதர் பெயர்தான் என்ற கட்டாயம் அதில் இல்லை. அந்த இளைஞருக்கு அறவாழி என்ற பெயரை நாம் மறுத்த நாளில் நடைமுறையில் இருந்தது இந்தச் சட்டமே. குருமடத்தில் இதைப் படித்துத் தேர்விலும் எழுதியிருந்தோம். பழக்கம் படிப்பை வென்றுவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கேதான் வரலாறு சுவைபடுகிறது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துக்கீசியரின் பெயர்களையும் குடும்பப் பெயர்களையும் ஏற்றனர். பர்னாந்து, கோமஸ், மிராண்டா, மச்சாது என்று அவை இன்றும் கடற்கரையில் வழங்குகின்றன. அவர்கள் நாவில் அவை தமிழாகவே ஆகிவிட்டன, குறை சொல்வதற்கில்லை. ஆனால் 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான தத்துவ போதகர், இராபர்ட் தெ நொபிலி, வேறு வழியைத் தேர்ந்தார். கிறிஸ்துவை ஏற்பதற்காகத் தமிழர் போர்த்துக்கீசியராக மாற வேண்டியதில்லை என்பதே அவர் கொண்ட கொள்கை. அவர் தொட்டு வளர்ந்த மதுரை மறைப்பணியில், புனிதர்களின் பெயர்கள் ஓசையால் அன்றிப் பொருளால் தமிழுக்கு வந்தன.

இதன் அருமையை விளக்க நன்னூல் போதும். கொங்கு மண்ணின் சீனாபுரத்தவர் என்று வழங்கப்படும் பவணந்தி முனிவர், பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பகுத்தார். பத்ரோஸ், பாவுலூஸ், ஸ்தேபானுஸ் என்று ஒலித்தால் தமிழ்ச் செவிக்கு அவை வெறும் இடுகுறி. ஏன் அந்தப் பெயர் என்று கேட்க வழியில்லை. அவற்றைக் காரணப்பெயராக்கினால் பெயரே மறையுரையாகிவிடும். பாவுலூஸ் என்றால் இலத்தீனில் சிறியவர். திருத்தூதருள் கடையவன் நான் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர் அவர். அவர் சின்னப்பர் ஆனார். ஸ்தேபானோஸ் கிரேக்கத்தில் மணிமுடி. முதல் மறைச்சாட்சி முடியப்பர் ஆனார். யோவான் என்பதில் எபிரேய மொழியில் ஆண்டவரின் அருள் இருக்கிறது, அவர் அருளப்பர். அந்திரேயா வலிமை குறித்ததால் பெலவேந்திரர். லியோ சிங்கராயர், பெனதிக்து ஆசீர்வாதப்பர், பயஸ் பத்திநாதர். பேதுரு ஏன் இராயப்பர் என்று பலர் கேட்பதுண்டு. தெலுங்கில் 'ராயி' என்றால் கல் என்று பொதுவாக விளக்குவர். மதுரையில் அன்று ஆட்சி நாயக்கரிடம் இருந்தது என்பதை நினைத்தால் விளக்கம் பொருந்துகிறது. வீட்டில் தெலுங்கு பேசுகிற நம் பங்கு மக்களுக்கு இதைச் சொன்னபோது அவர்கள் முகத்தில் எழுந்த சிரிப்பை நாம் மறக்கவில்லை. பாறை மீது கட்டப்பட்ட திருச்சபை அவர்கள் அடுப்பங்கரை மொழியில் இருந்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்பும் எழாமலில்லை. மலபார் சடங்குமுறைத் தகராறு என்று வரலாற்றில் அறியப்படும் நீண்ட வழக்கில், பெயரும் ஒரு பொருளாயிற்று. 1704-இல் புதுச்சேரியில் தூர்னோன் ஆண்டகை வெளியிட்ட ஆணை, திருமுழுக்குப் பெறுவோருக்கு உரோமை மறைச்சாட்சியர் ஏட்டிலுள்ள புனிதர் பெயரையே இட வேண்டும், பிற சமயத் தெய்வங்கள், தவசிகள் ஆகியோரின் பெயர்கள் கூடாது என்றது. திருத்தந்தை பதினான்காம் பெனதிக்து 1744 செப்டம்பரில் இந்த வழக்கை முடித்து வைத்தார். அதற்கு எட்டு மாதங்களுக்குப் பின், 1745 மே 14 அன்று, வடக்கன்குளத்தில் திருவிதாங்கூர் அரசின் அலுவலர் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு இடப்பட்டது லாசர் என்ற புனிதர் பெயர், ஆணை காக்கப்பட்டது. ஆனால் லாசர் என்ற பெயரின் பொருள் 'கடவுள் துணைபுரிகிறார்' என்பது. ஊர் அவரை அழைத்தது தேவசகாயம் என்று. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு மறைச்சாட்சியானவரும், 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டவரும் இந்தத் தேவசகாயமே. இனி எந்தக் குருவும் அந்தத் தமிழ்ப் பெயருக்குப் புனிதர் பட்டியலில் இடமுண்டா என்று புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை!

மறைப்பணியாளர்கள் தங்களுக்கும் இந்த முறையையே கையாண்டனர். ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். 1710-இல் வந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, தம் பெயரில் இருந்த மனவுறுதியைத் தமிழாக்கித் தைரியநாதர் ஆனார். வடமொழி வாடையை நீக்கி வீரமாமுனிவர் என்று வழங்கியது பின்னர். அவர் பிறந்த ஊர் இத்தாலியின் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. அதே சிற்றூரில் அவருக்கு நூறாண்டுகளுக்கு முன் 1568-இல் பிறந்தவர்தான் அலோசியு கொன்சாகா, நாம் ஞானப்பிரகாசியார் என்று போற்றும் இளந்துறவி. நம் வீடுகளில் எத்தனை ஞானப்பிரகாசங்கள்! அவர்களுள் எவரும் தம் பெயரின் ஊரும் தேம்பாவணி ஆசிரியரின் ஊரும் ஒன்றே என்று எண்ணியிருப்பார்களா என்பது ஐயமே.

தேம்பாவணி 1726-இல் நிறைவுற்றது. 36 படலங்கள், 3615 பாடல்கள். அதன் தலைவர் அன்னை மரியாவின் துணைவர் சூசையப்பர். காப்பியத் தலைவனுக்கு யோசேப் என்றோ சூசை என்றோ பெயரிட்டால் விருத்தத்தில் ஓசை ஒட்டாது என்பது மட்டுமன்று. முனிவர் பொருளைத் தேடினார். எபிரேயத்தில் அந்தப் பெயருக்கு 'மேலும் பெருகச் செய்வாராக' என்று பொருள். ராகேல் தன் மகனுக்கு அப்பெயரிட்டபோது இன்னொரு மகனை ஆண்டவர் கூட்டித் தருவாராக என்று வேண்டியதாகத் தொடக்க நூல் சொல்கிறது. பெருக்கம், செழிப்பு, வளம். ஆகவே முனிவர் தம் தலைவனை 'வளன்' என்று அழைத்தார். இன்று பள்ளிகளும் கல்லூரிகளும் வளனார் பெயர் தாங்கி நிற்கின்றன. திருச்சித் தூய வளனார் கல்லூரியை அறியாதார் யார்? ஆனால் அந்த வளனார்தான் நம் வீட்டுச் சூசை என்பதை அறிந்தோர் நாளுக்கு நாள் குறைகிறார்கள்.

சூசை, சவேரி, அந்தோணி ஆகியவை ஓசையால் வந்தவை. ஆயினும் நானூறு ஆண்டுகள் நம் நாவில் உருண்டு கூழாங்கல் போல் ஆகிவிட்டன. அவற்றோடு முத்தும் சாமியும் சேர்ந்து சவரிமுத்துவும் அந்தோணிசாமியும் பிறந்தார்கள். முதல் தமிழ்ப் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் தந்தையார் பெயர் சவரிமுத்து, தாயார் ஆரோக்கிய மரியம்மாள். ஒரு பெயரைக் கொண்டே காலத்தைக் கணிக்கவும் முடியும். ஆரோக்கியசாமி என்றால் வேளாங்கண்ணிக்கு நேர்ந்த பிள்ளை; அடைக்கலம் என்றால் ஏலாக்குறிச்சியின் நினைவு; லூர்துசாமி என்ற பெயர் 1858-க்கு முன் பிறந்த எவருக்கும் இருந்திருக்க முடியாது. நம் பக்கத்தில் செபமாலை என்ற பெயரை ஆண்களும் தாங்குவதைப் பார்க்கிறோம். கருமத்தம்பட்டிச் செபமாலை அன்னையின் நிழலில் வாழும் நமக்கு இதில் வியப்பில்லை. 1846 அக்டோபரில் அங்கேதான் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பின்னாளில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவியவர். மூவரசருள் ஒருவரின் பெயரோடு தொலைவிலிருந்து வந்தவர் என்று அவரைப் பற்றி நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நம் மறைமாவட்டத்தின் முதல் இந்திய ஆயர் உபகாரசாமி. பின்னாளில் விசுவாசம். அடுத்து மதலைமுத்து. ஆயர்களின் பெயர்வரிசையே சிறியதொரு ஞானோபதேசம் போல் இருக்கிறது. மதலை என்ற சொல்லுக்குக் குழந்தை என்றும், சாய்வோரைத் தாங்கும் தூண் என்றும் இரு பொருள் உண்டு. இரண்டாம் பொருளைத் திருக்குறளே ஆள்கிறது.

இவ்வளவு வளமான மரபு ஏன் மங்கிற்று? காரணம் ஒன்றன்று. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், பெயர்களைத் தூய தமிழில் வைக்கும் ஆர்வத்தை நாடெங்கும் கிளப்பியபோது, நம்மவரும் அதில் கலந்தனர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குரு சேவியர் தனிநாயகம் தம் முன்னோர் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டார். தமிழை அவர் ஆழ்ந்து கற்றது தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் ஆசிரியப்பணி ஆற்றிய நாட்களில்தான். 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவர் அவர். ஆனால் பொதுமக்களின் காற்று எதிர்த்திசையில் வீசிற்று. ஆங்கிலப் பள்ளிகள் பெருகின. அருளப்பன் ஜான் ஆனான். இராயப்பன் பீட்டர் ஆனான். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம், பிரிந்த சகோதரரோடு நாம் ஒரே நூலை வாசிக்க வழி செய்தது. அது பெரிய நன்மை. அதை மறுப்போர் யாருமில்லை. ஆயினும் அந்த நாள் முதல் பீடத்தில் யோவான், பேதுரு, பவுல் என்றே வாசிக்கிறோம். ஒரு தலைமுறைக்குள் அருளப்பரும் இராயப்பரும் சின்னப்பரும் கல்லறைப் பலகைகளிலும் கிழவர்களின் கையெழுத்திலும் தஞ்சம் புகுந்துவிட்டனர். நம் கிராமத்துச் சின்னப்பனின் பேரன், பால் என்ற தன் பெயருக்கும் பாட்டன் பெயருக்கும் ஒரே பொருள் என்று அறியாமலே வளர்கிறான். இதில் நமக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

இனி இளையவரின் தாளுக்கு வருவோம். குறித்திருந்த நால்வருள் இருவர் கொங்குத் தொடர்பு உடையவர்கள். தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் வாழ்ந்தபோது, பரிசில் கேட்டு வந்த பெருந்தலைச் சாத்தனாரிடம் கொடுக்கப் பொருளில்லாமல், விலை வைக்கப்பட்ட தன் தலையை வெட்டிக் கொண்டுபோகுமாறு வாளை நீட்டியவன் குமணன்; அவனுடைய முதிரமலை உடுமலைப் பக்கம் என்பர். பேகன் பழனியாகிய பொதினிக்குரிய ஆவியர் குடித் தலைவன். குளிரில் நடுங்குகிறதென்று மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தவன். இதைப் படிக்கும்போது ஆமியான் நகர வாயிலில், குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தன் மேலாடையை வாளால் இரண்டாகக் கிழித்துக் கொடுத்த வீரன் மார்ட்டினை நினைக்காதிருக்க முடியுமா? ஆடை நெய்து வாழும் ஊருக்கு இருவருமே ஏற்ற காவலர்கள். எனினும் பேகனைப் பற்றிய புறநானூற்றுப் பாடல்களில் மற்றொரு பக்கமும் உண்டு. மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் சென்ற அவனைக் கபிலரும் பரணரும் இன்னும் இருவரும் கடிந்து பாடியிருக்கிறார்கள். பெயர் வைப்போர் அதையும் படித்துவிட்டு வைப்பது நலம். போதாததற்கு, ஆங்கிலப் பள்ளியில் அந்தப் பெயர் புறச்சமயத்தானைக் குறிக்கும் சொல்லாகக் காதில் விழும். கோவில் சான்றிதழில் 'பேகன்' என்று எழுதிக் கையொப்பமிடும் குருவின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தனர். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை எடுத்து அவர்களுக்கு வாசித்துக் காட்டினோம். எட்டாம் நாளில் கூடிய உறவினர், குழந்தைக்குத் தந்தையின் பெயரான செக்கரியாவையே வைக்கப் பார்க்கிறார்கள். தாய் மறுக்கிறாள். உம் சுற்றத்தில் யாருக்கும் இந்தப் பெயர் இல்லையே என்று அவர்கள் வாதிடுகிறார்கள். பேச இயலாத தந்தை எழுதுபலகையைக் கேட்டு வாங்கி எழுதுகிறார். உலகின் முதல் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பெயர்ச் சண்டை இருந்தது என்று கேட்டதும் இளந்தாய் முதன்முறையாகச் சிரித்தாள். அந்தக் குழந்தைக்கு வீரமாமுனிவர் தம் காப்பியத்தில் இட்ட பெயர் கருணையன் என்றோம். அப்படியே சூசையப்பருக்கு அவர் இட்ட பெயரையும் சொல்லி, அலமாரியிலிருந்த தேம்பாவணியை எடுத்து இளையவர் கையில் கொடுத்தோம்.

அவர் சில பக்கங்களைப் புரட்டினார். உதட்டசைவில் ஒருமுறை, பின் வாய்விட்டு ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். பெரியவர் மெல்லக் கேட்டார்:

"அது எம்பேருதானுங்களா சாமி?"

"உங்கள் பேர்தான். முந்நூறு வருசத்துக்கு முன்னாலேயே தமிழில் எழுதி வைத்துவிட்டார்கள்."

"எங்கப்பாருக்கும் இது தெரியாதுங்களே."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியவர் குழந்தையின் பக்கம் குனிந்து, "வளனு" என்று கொங்கு வழக்கில் உகரம் கூட்டி அழைத்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நாம் படிவத்தை எடுத்து, நின்றுபோன இடத்திலிருந்து எழுதினோம். பெயர்: வளன். பாதுகாவலர் என்ற இடத்தில் புனித சூசையப்பர் என்று எழுதும்போது, எழுத்து சரியாக இருக்கிறதா என்று பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.